இரண்டாம் முறை கேட்ட கேள்வி

போன வாரம் சிறுசேரியிலிருந்து நிவேதா வந்திருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பயிற்சி கொடுத்த அணியில் இருந்தவள். இப்போது குழந்தைகளுக்கான செயலி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. டேப்லெட்டை என் மடியில் வைத்து, "மேடம், உங்களுக்கு அஞ்சு வயசுன்னு நெனச்சுகிட்டு விளையாடுங்க" என்றாள். விளையாடினேன். ஒரு யானை வந்து இரண்டு வரிசை லட்டு வைத்தது. எதில் அதிகம் என்று கேட்டது. சொன்னேன். யானை தலையை ஆட்டிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டது.

"ஏன் ரெண்டு தடவை கேக்குது?"

"செக் பண்ணத்தான் மேடம். ரெண்டாவது தடவை பதிலை மாத்துனா குழந்தைக்குப் புரியலன்னு அர்த்தம். ஸ்கோர் குறைஞ்சிடும்."

முழங்கால் வலியை மறந்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "யாருக்குப் புரியலன்னு அர்த்தம்? உக்காரு. உனக்கு ஒரு கதை சொல்லணும்" என்றேன். காபி ஆறிப்போகும்வரை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்; அவருக்கு முந்திய தலைமுறை முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். உளவியல் படிக்கிறேன் என்றதும் அப்பா, "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்த வயதில் எனக்கு எதற்குமே பொறுமை இல்லை.

கல்லூரி நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. ஐரோப்பாவில் ஓர் அறிஞர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே ஒரு கோட்பாட்டைக் கட்டியிருந்தார். குழந்தை என்பது அறிவு குறைந்த பெரியவர் இல்லை. அதன் சிந்தனைக்குத் தனித் தர்க்கம் இருக்கிறது. அது படிப்படியாக மாறுகிறது. இவ்வளவுதான் சாரம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது! ஒரே அளவு தண்ணீர் உள்ள இரண்டு குவளைகளைச் சிறு குழந்தையிடம் காட்டுங்கள். ஒன்றை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றுங்கள். "இதில்தான் ஜாஸ்தி" என்று சத்தியம் செய்யும். இரண்டு வருடம் கழித்து அதே குழந்தை, "இது இன்னா கேள்வி?" என்று சிரிக்கும். நடுவில் தலைக்குள் என்ன நடந்தது? எங்கள் தெருவில் ஒரு குழந்தையை நான் விட்டுவைக்கவில்லை. டம்ளரோடு என்னைக் கண்டாலே ஓடின.

ஆகவே செங்கல்பட்டில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராயக் கள உதவியாளர் தேவை என்றபோது முதல் ஆளாய்ப் போய் நின்றேன். ஆய்வுக்குத் தலைவர் ரசாக் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். இவர் மட்டும் படிப்புப் பக்கம் வந்தவர். மேசையில் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே நீளம். ஒன்றைச் சீவினால் மற்ற இரண்டையும் சீவுவார். மழை இல்லாவிட்டாலும் குடை. யாரையும் திட்டமாட்டார். நாம் எழுதிக் கொடுத்த தாளில் பிழை இருந்தால் சிவப்புப் பென்சிலால் கடுகளவு ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். அதற்கு நான் வைத்த பெயர் கடுகு. ஒருமுறை தாளில் நான் "குழந்தை குழம்பியது" என்று எழுதியிருந்தேன். கடுகு. "குழம்பியதை நீங்கள் பார்த்தீர்களா, மிஸ் நிர்மலா? குழந்தை என்ன செய்தது என்று எழுதுங்கள்." மறுபடி எழுதினேன்: "குழந்தை காதைச் சொறிந்தது." தலையாட்டினார்.

நடைமுறையை அவர் நான்கு பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். நீலத் தகரப்பெட்டி ஒன்று. அதில் ஒரே மாதிரி இரண்டு குவளை, ஒல்லிக் குவளை ஒன்று, களிமண், அட்டையில் வெட்டிய ஏழு சிவப்பு வட்டம், ஏழு நீல வட்டம். வட்டங்களை எதிரெதிரே இரண்டு வரிசையாக வைக்க வேண்டும். "எதுல ஜாஸ்தி? இல்ல ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்க வேண்டும். குழந்தை பதில் சொன்னதும் நீல வரிசையை மட்டும் அகலப் பரப்பி, அதே கேள்வியை அதே தொனியில் மறுபடி கேட்க வேண்டும். கதவு, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். ஒரு குழந்தையை ஒரு முறைக்கு மேல் சோதிக்கக் கூடாது. முடிவை எவரிடமும் சொல்லக் கூடாது.

கடைசி மூன்று விதிகளையும் ஒரே வாரத்தில், ஒரே குழந்தைக்காக மீறினேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். சவுக்குத் தோப்பை ஒட்டிக் கூரைப் பள்ளிக்கூடம். பக்கத்தில் சாமான் போட்டு வைக்கும் ஓர் அறை. அந்த அறைதான் எனக்குச் சோதனைக்கூடம். தலைமையாசிரியர் வரதராஜன் ஒருவரே மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்கார்த்தி நடத்திக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர்.

முதல் நாள் கடைசியாக வந்தவள் கன்னியம்மா. ஏழு வயது முடிந்தவள், இரண்டாம் வருடமும் ஒன்றாம் வகுப்பு. பாவாடையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வட்டங்களை வைத்தேன். "ரெண்டும் ஒண்ணு" என்றாள் டக்கென்று. நீலத்தைப் பரப்பினேன். மறுபடி கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நீலம்" என்றாள். தண்ணீரிலும் அப்படியே. களிமண்ணிலும் அப்படியே. மூன்றிலும் முதலில் சரி, பிறகு தப்பு.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம்! ஏழு வயதில் இவ்வளவு தெளிவான தவறுதல், புத்தகத்தில் இருந்ததைப் படம் பிடித்த மாதிரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தலைமையாசிரியர் கேட்டார்: "அந்தப் பொண்ணு எப்படிம்மா?"

"மூணுலயும் தவறிட்டா சார்!" என்றேன். ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நெனச்சேன். ரெண்டு வருசமா அதே வகுப்பு. அடுத்த வாரம் பள்ளி ஆய்வாளர் வரார். படிப்பு ஏறாத பிள்ளைங்க பேரை எடுத்துடச் சொல்லியிருக்காரு. நீங்க சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எனக்கும் மனசு லேசாயிடும்."

எங்கள் சோதனைக்கும் பேர் நீக்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கன்னியம்மாவின் அம்மா குப்பம்மா.

"நீதானா அந்த டம்ளரு டீச்சரு? என் பொண்ணு மண்டைல ஒண்ணும் இல்லன்னு எழுதிகினு போனியாமே?"

"அப்படி எழுதலம்மா..."

"சொன்னியா இல்லியா?"

தகரப்பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன்.

"இன்னா கேட்ட அவள? தண்ணிய இதுல ஊத்தி அதுல ஊத்துனியாம். எங்க வூட்ல கொடத்துத் தண்ணி மூணு பானைக்கும் அவதான் ஊத்துறா. ஒரு சொட்டு சிந்தமாட்டா. தோ, என் கண்ணு முன்னால கேளு. நான் பாக்கணும்."

ஒரு முறைக்கு மேல் சோதிக்கக் கூடாது என்று விதி. அந்த முகத்துக்கு முன்னால் விதியைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். குப்பம்மா கதவை மூட விடவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அந்தக் கரையில் காலை பதினோரு மணி வாக்கில் கடற்காற்று கிளம்பும். கதவை மூடச் சொன்ன ரசாக் சாருக்கு அது தெரியும். வட்டங்களை வைத்துவிட்டு, "எதுல ஜாஸ்தி? இல்ல ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணு" என்றாள் கன்னியம்மா. நான் கையை நீட்டுவதற்குள் திறந்த கதவு வழியாகக் காற்று ஒரே வீச்சாக வந்தது. என் பக்கத்துச் சிவப்பு வரிசையை நோட்டுப் புத்தகம் மறைத்துக் காத்தது. நீல வட்டங்கள் மேசை நெடுகச் சறுக்கி ஓடின. விளிம்புக்குப் போன இரண்டைக் கன்னியம்மா உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள்.

பழக்க தோஷத்தில் என் வாய் கேட்டது: "எதுல ஜாஸ்தி? இல்ல ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நீலம் எவ்ளோ நீளமா இருக்கு பாரு?"

"இன்னா டீச்சர், காத்து தள்ளுனா ஜாஸ்தி ஆயிடுமா?"

"நேத்து நான் தள்ளினப்போ நீலம் ஜாஸ்தின்னு சொன்னியே?"

இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "நீ சும்மா தள்ளுவியா? எதுக்கோ தள்ற. தள்ளிட்டுத் திருப்பிக் கேக்குற. திருப்பிக் கேட்டா நாம சொன்னது தப்பு. காத்து சும்மாதானே தள்ளுது."

குப்பம்மா நிலைப்படியிலிருந்து, "கேட்டுக்கினியா?" என்றாள்.

கேட்டுக்கொண்டேன். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் குழந்தையின் எண்ணத்தை அளந்துகொண்டிருப்பதாக நினைத்தோம். குழந்தையோ எங்கள் எண்ணத்தை அளந்துகொண்டிருந்தது!

"கன்னி, இதோ பாரு" என்றேன். "நான் ரெண்டாவது தடவை கேட்டா நீ சொன்னது தப்புன்னு இல்ல. எனக்குக் காது சரியா கேக்கலன்னு வெச்சுக்க."

"நீ செவுடா டீச்சர்?"

"ஆமா. கொஞ்சம் செவுடு."

அவள் சிரித்த சிரிப்பில் மிச்ச வட்டங்களும் பறந்தன.

ஆனால் திருப்பிக் கேட்டால் தப்பு என்று இவளுக்கு யார் சொன்னது? பிற்பகல் வகுப்பின் பின்னால் போய் உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் வரிசையாகக் கேள்வி கேட்டு வந்தார். "ரெண்டும் மூணும்?" அஞ்சு என்றது ஒரு பிள்ளை. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளைக்குப் போனார். "நாலும் ரெண்டும்?" ஏழு. அவர் நகரவில்லை. "நாலும் ரெண்டும்?" ஆறு. அடுத்த பிள்ளை. இவ்வளவுதான். சபாஷ் கிடையாது, தப்பு என்ற சொல்லும் கிடையாது. சரி என்றால் நகர்வார். தப்பு என்றால் நின்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார். பாடப் புத்தகத்தில் எழுதாத இந்தப் பாடத்தை வகுப்பே கரைத்துக் குடித்திருந்தது. கன்னியம்மா விஷயத்தில் இன்னொன்றும் பார்த்தேன். அவள் தேறமாட்டாள் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. அவள் சரியாகச் சொன்னாலும் நம்பாமல் ஒரு முறை திருப்பிக் கேட்டார். அவள் உடனே பதிலை மாற்றினாள். அவர் பெருமூச்சு விட்டார். இரண்டு வருடமாக அவள் சரியான பதில்களைச் சொல்லிச் சொல்லி அழித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் செங்கல்பட்டில் நிற்பதற்குள் குதித்து, ரசாக் சார் அறைக்கு ஓடினேன். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். விதி மீறியது, வாயை விட்டது, காற்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மூடியை நிதானமாகத் திருகினார்.

"ஒரு குழந்தை. ஒரு காற்று" என்றார். "காற்றை நான் எப்படிப் பெட்டியில் வைத்து அனுப்புவது, மிஸ் நிர்மலா? இத்தனை தாள் முடிந்திருக்கிறது. எல்லாம் வீண் என்கிறீர்களா?"

என் வாய் சும்மா இருக்காதே. "சார், கன்னியம்மாவோட தாள் நம்பர் என்ன?"

தாள் எண்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். "முப்பத்தொன்பது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து, அதே தொனியில், "கன்னியம்மாவோட தாள் நம்பர் என்ன சார்?"

அவர் கை தாள்கட்டை நோக்கிப் போனது. "நாற்பதா?" என்றார்.

கை அந்தரத்தில் நின்றது. டீ ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. அதைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அந்த அறையில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. ரசாக் சார் சிரித்தார்.

"இன்னாம்மா இது, பேஜாரு பண்ணிட்ட!" என்றார், கடைத்தெருப் பையனாக. "எனக்கே இப்படின்னா, ஏழு வயசுக் கொயந்த இன்னா பண்ணும்?"

அடுத்த இரண்டு மணி நேரம் இருவரும் மேசையில் வட்டங்களைப் பரப்பிக்கொண்டு சண்டை போட்டோம். கேள்வியை ஒரே முறை, கடைசியில் மட்டும் கேட்பது என்று நான் சொன்னேன். பரப்புவது தற்செயலாக நடந்ததுபோல் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். காற்றுக்குப் பதில் என்ன? அவர் கண் குடை மேல் போனது. குடையை எடுக்கும் சாக்கில் அதன் முனையால் நீல வரிசையை இழுத்துவிட்டு, "அடடா!" என்றார். நாடகம் சுத்தமாக வரவில்லை. "சார், உங்க ‘அடடா’ ராணுவ ஆணை மாதிரி இருக்கு" என்றேன். ஒன்பது முறை ஒத்திகை பார்த்தார்.

மறுநாள் அவரே குப்பத்துக்கு வந்தார். முந்தைய நாட்களில் தவறிய பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தோம். குடை, "அடடா", ஒரே ஒரு கேள்வி. தண்ணீருக்கு வேறு தந்திரம்: குவளையில் எறும்பு விழுந்துவிட்டது என்று எடுத்துப்போட்டு, வேறு குவளைக்கு மாற்றினார். பிள்ளைகள் பலர் சட்டென்று "ஒண்ணுதான்" என்றார்கள்! எல்லாரும் அல்ல, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுப் பொடிசுகள், "நீளமா கீது, அதனால ஜாஸ்தி" என்று அப்போதும் உறுதியாக நின்றார்கள். ஐரோப்பாக்காரர் சொன்ன படிகள் பொய்யில்லை. எந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த எங்கள் கண்ணில்தான் தூசி. கன்னியம்மா மூன்றையும் அநாயாசமாகத் தாண்டினாள். குடையைப் பார்த்து, "தாத்தா, அத ஓரமா வெய்யி, திருப்பித் தட்டிவுட்ருவ" என்று வேறு சொன்னாள். தாளில் "குழந்தை அறிவுரை வழங்கியது" என்று எழுதினேன். கடுகு விழவில்லை.

இருவரும் தலைமையாசிரியரிடம் போனோம். மேசையில் வருகைப் பதிவேடு விரிந்திருந்தது. கன்னியம்மாவின் பெயருக்கு அருகே பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்திருந்தார். மையால் கோடு இழுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் சொன்னது தவறு என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்கும் பழக்கத்தைச் சொல்லும்போது மட்டும் என் குரல் இறங்கிவிட்டது.

அவர் முகம் சிவந்தது. "இருபது வருசமா கேக்குறேன் நான். முந்தாநாள் மூணுலயும் தவறிட்டான்னு சொன்னதும் நீங்கதான். இப்ப ஒண்ணுலயும் தவறலன்னு சொல்றதும் நீங்கதான். காகிதம் எனக்கு வேணாம். வகுப்புல நான் கேக்குறேன். சரியா சொல்லட்டும். பேரு இருக்கட்டும்."

ரசாக் சார், "நியாயம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் குடையைப் பிடுங்கி அடிக்கலாம் போல இருந்தது. இவர் திருப்பிக் கேட்பாரே! கேட்டால் மாற்றிவிடுவாளே! கன்னியை நெருங்கி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நகர்ந்தேன். சார் என் கையில் தகரப்பெட்டியைத் திணித்து, பின்வரிசையைக் காட்டினார்.

தலைமையாசிரியர் வரிசையாக வந்தார். அஞ்சும் ரெண்டும், ஆறும் ஒண்ணும். கன்னியம்மாவின் முன் நின்றார். வேண்டுமென்றே கடினமாகக் கேட்டார்.

"எட்டுல அஞ்சு போனா?"

அவள் உதடு அசைந்தது. "மூணு."

அவர் நகரவில்லை. அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், நகரவில்லை. புருவம் மேலே போனது.

"எட்டுல அஞ்சு போனா?"

வகுப்பு முழுக்க அமைதி. அந்த அமைதியின் பொருள் அங்கிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். பக்கத்திலிருந்த சிறுமி, "மாத்துடி" என்று கன்னியின் விலாவில் இடித்தாள். கன்னி அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்வரிசையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. அசையக் கூடாது.

அவள் முகத்தில் மெல்ல ஓர் இரக்கம் பரவியது. எழுந்தாள். தலைமையாசிரியரின் பக்கத்தில் போய், குதிகாலை உயர்த்தி, அவர் காதுக்கு நேராகக் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, கடற்கரைக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"மூணு சார்! மூ...ணு!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ரசாக் சாரின் குடை கீழே விழுந்தது; அது நாடகம் இல்லை. தலைமையாசிரியர் காதைத் தேய்த்துக்கொண்டார். கன்னியம்மாவைக் குனிந்து பார்த்தார்.

அடுத்த பிள்ளைக்குப் போனார்.